"4 பேர் டென்ட்"ல எத்தனை பேர் தூங்கலாம்? சின்னப் பசங்களோட கேம்பிங் போறவங்களுக்கு ஒரு எபிசோட்

(எபிசோட்ல பேசினதை வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை வெட்டி இங்கே போட்டிருக்கோம்.)

இந்த வாரம் ஒரு கேள்வியில இருந்தே ஆரம்பிக்கலாம். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அண்ணா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. அஞ்சு வயசுல பொண்ணு, ஒன்றரை வயசுல பையன். பொங்கல் லீவுக்கு கொடைக்கானல் பக்கம் ஒரு தனியார் கேம்ப்சைட்ல சொந்த டென்ட் போட்டு ரெண்டு நாள் தங்கணும்னு பிளான். "ஆன்லைன்ல 4 பேர் டென்ட் 2,500 ரூபாய்க்கு இருக்கு. கடையில அதே 4 பேர் டென்ட் அதைவிட பல மடங்கு விலை. என்ன தம்பி வித்தியாசம்? பசங்க இருக்கறதால தனியா ஏதாவது பாக்கணுமா?" இதுதான் கேள்வி.

பாக்கணும்ணா. நாம ஃப்ரெண்ட்ஸோட போறப்ப டென்ட் ஒழுகினா அது பத்து வருஷத்துக்கு சொல்லிச் சிரிக்க ஒரு கதை. ஒன்றரை வயசுக் குழந்தை ராத்திரி ரெண்டு மணிக்கு நனைஞ்ச ட்ரெஸ்ஸோட குளிர்ல இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க. சின்னக் குழந்தையோட எடைக்கு அதோட தோல் பரப்பு ரொம்ப அதிகம். அதனால நம்மளைவிட வேகமா உடம்புச் சூட்டை இழக்கும், வெயில்லயும் நம்மளைவிட வேகமா சூடாகும். குளிருதுன்னு வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது.

எனக்குக் குழந்தைங்க இல்ல. அக்கா பசங்க ரெண்டு பேரோட மூணு வருஷமா போயிட்டு இருக்கேன். மாமா டென்ட் அடிப்பாரு, நான் பக்கத்துல நின்னு ஸ்பெக் ஷீட் படிப்பேன். அந்தத் தகுதியிலதான் பேசறேன்.

முதல்ல அந்த "4 பேர்" கணக்கு. டென்ட் கம்பெனிகள் பேர் எண்ணிக்கை போடுறது ரயில்ல அன்ரிசர்வ்டு பெட்டியில சீட்டுக்கு எத்தனை பேர்னு கணக்கு போடுற மாதிரி. ஒரு ஆளுக்கு 60, 65 செ.மீ. அகலம். பாய்க்குப் பக்கத்துல பாய், தோளோட தோள் ஒட்டி, பை வைக்க இடமே இல்லாம நாலு பேர். நம்ம ஊர்ல நிறைய கிடைக்கிற 4 பேர் டென்ட்கள்ல உள்ளறை 240 செ.மீ.க்கு 210 செ.மீ. மாதிரி இருக்கும். பெரியவங்க ரெண்டு பேருக்கு தலா 70 போட்டா 140. பசங்களுக்கு தலா 50 போட்டா 100. மொத்தம் 240, சரியா முடிஞ்சுது. டயப்பர் பை, பால் ஃபிளாஸ்க், மாத்துத் துணி, குழந்தை கட்டிப்பிடிச்சுத் தூங்குற பொம்மை எல்லாம் எங்கே போகும்? அதுவும் பசங்க நேரா படுத்துத் தூங்குறாங்களா? அக்காவோட சின்னவன் ராத்திரி முழுக்க கடிகார முள்ளு மாதிரி சுத்துவான்.

சுத்துனா பக்கவாட்டுத் துணியில போய் ஒட்டிப்பான். அந்தத் துணி விடிகாலையில ஈரமா இருக்கும், ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆக, ரெண்டு பெரியவங்க, ரெண்டு சின்னவங்கன்னா ஒண்ணு 5, 6 பேர் டென்ட் எடுங்க, இல்லன்னா 4 பேர் உள்ளறையோட முன்னாடி திண்ணை மாதிரி ஒரு மூடின இடம் இருக்கிற மாடல் எடுங்க. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. செருப்பு, ஈரத் துணி, பை எல்லாம் அந்தத் திண்ணையில இருக்கும்; தூங்குற இடம் சுத்தமா இருக்கும். மழை பெய்யும்போது பசங்க உக்காந்து விளையாடவும் ஒரு இடம் ஆச்சு. ரெண்டு பெட்ரூம் டென்ட் விளம்பரத்துல அழகா இருக்கும். அஞ்சு வயசுக்குக் கீழ பசங்க இருந்தா ராத்திரி ஒரு மணிக்கு எல்லாரும் ஒரே ரூம்லதான் இருப்பீங்க, அதுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

உயரம்? நிக்க முடியுற உயரம் இருந்தா டயப்பர் மாத்த, ட்ரெஸ் போட்டுவிட, அழற குழந்தையைத் தோள்ல போட்டு ஆட்ட ரொம்ப வசதி. ஆனா உயரமான டென்ட் காத்தை வாங்கும். காத்தோட விசை வேகத்தோட இருமடிப்படி ஏறும்: 20 கி.மீ. வேகக் காத்து 40 ஆனா டென்ட் மேல விழுற அழுத்தம் நாலு மடங்கு. மலை முகட்டுல, வியூ பாயின்ட் ஓரத்துல டென்ட் போடற ஆளுன்னா குள்ளமான டென்ட்தான் நல்லது. மரம், மேடு ஏதாவது மறைப்பு இருக்கிற சமதளம்னா உயரமானதை எடுங்க. பசங்களோட போறவங்க வியூ பாயின்ட் ஓரத்துல டென்ட் போடவே கூடாதுங்கறது என் கருத்து, அது வேற விஷயம்.

2,500 ரூபாய் டென்ட்ல என்ன இல்ல

விலைக் கேள்விக்கு வருவோம். பெரும்பாலும் அந்த விலைக்கு வர்றது ஒத்தைத் துணி டென்ட். ஒரே ஒரு அடுக்கு, உச்சியில தொப்பி மாதிரி ஒரு சின்னத் துணி. விலை கூடினதுல ரெண்டு அடுக்கு இருக்கும்: உள்ள காத்து போற வலையும் மெல்லிசுத் துணியும், வெளிய தரை வரைக்கும் இறங்குற மழைத் துணி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கை அளவு இடைவெளி. அந்த இடைவெளிக்குத்தான் நீங்க காசு கொடுக்கறீங்க.

அடுத்து, "வாட்டர்ப்ரூஃப்"னு மட்டும் போட்டிருந்தா அதுக்கு அர்த்தமே இல்ல. நம்பர் போட்டிருக்கணும். 1,500 மி.மீ., 2,000 மி.மீ., 3,000 மி.மீ. மாதிரி. இது மழையளவு இல்ல, நிறைய பேர் அப்படி நினைச்சுக்கறாங்க. துணியை விறைப்பா கட்டி அது மேல ஒரு குழாய்ல தண்ணியை ஏத்திக்கிட்டே போவாங்க. எவ்வளவு உயரம் தண்ணி நிக்கும்போது துணி கசிய ஆரம்பிக்குதோ அந்த உயரம்தான் இந்த நம்பர். 2,000 மி.மீ.ன்னா ரெண்டு மீட்டர் உயரத் தண்ணியைத் தாங்கும்னு அர்த்தம்.

மேல் துணிக்கு 2,000 இருந்தா நம்ம மலை மழைக்குப் போதும். மழைத்துளி அடிச்சுட்டு வழிஞ்சு போயிடும், தங்கி அழுத்தாது. பிரச்சினை தரையிலதான். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுல இன்னைக்கும் அடிக்கடி உதவுற ஒரே ஃபார்முலா, அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. ஒரு மீட்டர் தண்ணி ஒரு சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ அழுத்தம் கொடுக்கும். இப்போ 15 கிலோ குழந்தை ஈரத் தரை மேல முட்டி போட்டு நிக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒரு முட்டிக்கு 20 சதுர செ.மீ. தரையில படுதுன்னா, 15-ஐ 40-ஆல வகுத்தா 0.375 கிலோ. அதாவது 3,750 மி.மீ. தண்ணிக்குச் சமம். 60 கிலோ அப்பா சம்மணம் போட்டு உக்காந்தா பரப்பு பெருசு, 1,000 மி.மீ.கூட வராது. அவரே முட்டி போட்டு டயப்பர் மாத்தினா 7,000-ஐத் தாண்டும். பசங்க இருக்கிற டென்ட்ல முட்டி போடறதும் குதிக்கறதும்தான் முழுநேர வேலை. அதனால தரைத்துணிக்குப் போட்டிருக்கிற நம்பரைத் தனியா பாருங்க. மேல் துணியைவிட அதிகமா இருக்கணும். தார்ப்பாய் மாதிரி தடிமனா, சலசலன்னு சத்தம் போடற பாலித்தீன் தரைதான் பசங்களுக்கு நல்லது. எடை கூடும், கூடட்டும், கார்லதானே போறீங்க.

அதோட அந்தத் தரைத்துணி ஓரத்துல ஒரு சாண் உயரத்துக்கு சுவர் மாதிரி மேல ஏறி, அதுக்கப்புறம்தான் பக்கவாட்டுத் துணியோட தைச்சிருக்கணும். குளிக்கிற தொட்டி மாதிரி. தையல் தரையிலேயே இருந்தா தரையில ஓடற மழைத்தண்ணி அந்த ஊசி ஓட்டை வழியா நேரா பாய்க்கு வரும். தையல் மேல உள்பக்கம் ஒரு டேப் ஒட்டியிருக்கணும். கடையில டென்டைப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க, உள்ள போய் உக்காருங்க, தையலைத் தடவிப் பாருங்க. யாரும் திட்ட மாட்டாங்க.

டென்டுக்கு அடியில ஒரு தார்ப்பாய் போடறது நல்ல பழக்கம், கல்லும் முள்ளும் குத்தாது. ஆனா அந்தத் தார்ப்பாய் டென்டுக்கு வெளிய ஒரு இஞ்ச்கூட நீட்டக் கூடாது. நீட்டினா மேல இருந்து வழியுற மழை அதுல விழுந்து நேரா டென்டுக்கு அடியில போய் நிக்கும். நீங்க தண்ணிப் படுக்கையில தூங்குவீங்க. ஓரத்தை உள்பக்கமா மடிச்சு விட்டுடுங்க.

காலைல டென்ட் ஒழுகலை, நீங்கதான் ஒழுகியிருக்கீங்க

டென்ட் ரிவ்யூக்கள்ல நான் அதிகம் பாக்கற புகார், "ராத்திரி மழையே இல்ல, ஆனா உள்ள ஈரம். மட்டமான டென்ட்." அந்த ஈரம் பெரும்பாலும் உங்க மூச்சு.

ஒரு பெரியவர் சும்மா தூங்கும்போதே மூச்சு வழியாவும் தோல் வழியாவும் மணிக்கு சுமார் 30 கிராம் தண்ணியை ஆவியா வெளிய விடறாரு. எட்டு மணி நேரத்துல கால் லிட்டர். அம்மா, அப்பா, ரெண்டு பசங்க சேர்ந்தா முக்கால் லிட்டர் பக்கம் வரும். இதை 4 பேர் டென்டோட காத்தோட சேர்த்துப் பாருங்க. உள்ளறை கொள்ளளவு தோராயமா 4 கன மீட்டர். 20 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து 17 கிராம் ஆவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினா 9 கிராம் சொச்சம்தான். ஆக 10 டிகிரியில அந்த டென்டுக்குள்ள இருக்கிற காத்து மொத்தமா தாங்கறதே 40 கிராமுக்குக் கீழ. அதுலயும் மலைக் காத்து ஏற்கெனவே ஈரமாத்தான் இருக்கும். எல்லா ஜன்னலையும் இழுத்து மூடிட்டீங்கன்னா முதல் அரைமணி நேரத்துலேயே இடம் தீர்ந்துடும். மிச்சமெல்லாம் சில்லுனு இருக்கிற வெளித்துணியில பட்டு சொட்டா மாறும்.

ரெண்டு அடுக்கு டென்ட்ல அந்தச் சொட்டு வெளித்துணியோட உள்பக்கத்துல உருவாகி, இடைவெளி வழியா வழிஞ்சு தரைக்குப் போயிடும். ஒத்தைத் துணி டென்ட்ல குழந்தை தலை மேல விழும். 2,500 ரூபாய் டென்டை நான் வேண்டாம்னு சொல்றதுக்கு மழையைவிட இதுதான் பெரிய காரணம். வெயில் காலத்துல பீச்ல, பார்க்ல நிழலுக்குப் போட அது தாராளமா போதும்.

இன்னொரு விஷயம். குளிருதேன்னு வென்டிலேஷன் ஓட்டையை மூடறது எல்லா அம்மாக்களும் பண்றது, அக்காவும் பண்ணுவா. ஆனா மூடினா டென்ட் பெருசா சூடாகாது, ஈரம்தான் ஏறும். ஈரமான போர்வை குளிரைத் தாங்காது. மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை, ரெண்டும் திறந்தே இருக்கட்டும். குளிருக்கு வேலை செய்ய வேண்டியது படுக்கையும் உடுப்பும்.

படுக்கைன்னதும் நிறைய பேர் காத்தடிக்கிற மெத்தை வாங்குவாங்க. மலையில அது ஏமாத்தும். உள்ள இருக்கிற காத்து தரையோட குளிர்ல அப்படியே சில்லுனு ஆகி, முதுகுல இருந்து சூட்டை உறிஞ்சிடும். ஒரு வயசைச் சுத்தி இருக்கிற குழந்தையை அதுல படுக்க வைக்கவே கூடாது. மெத்தென்று அமுங்கி மூக்கு அடைபடலாம், ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல பள்ளத்துல உருண்டு மாட்டிக்கலாம். உங்க வீட்டு ஹால்ல பசங்க விளையாட ஏ பி சி டி போட்ட ஃபோம் மேட் இருக்குமே, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிறது? அதைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. டென்ட் தரை முழுக்க அதைக் கோத்துப் போட்டு மேல ஒரு ஜமுக்காளம் விரிச்சா குளிரும் வராது, கல்லும் உறுத்தாது, முட்டி அழுத்தமும் பரவிடும். பசங்களுக்கு வீட்டுல இருக்கிற மாதிரியும் இருக்கும்.

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க

கரி அடுப்பு. பார்பிக்யூ. கணப்புச் சட்டி. கேஸ் ஸ்டவ். எதுவுமே டென்டுக்குள்ள வரக் கூடாது. திண்ணைப் பகுதிக்குள்ளயும் கூடாது. மலை ஊர்கள்ல குளிருக்காக ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சுத் தூங்கி, காலைல எழுந்திருக்காதவங்களைப் பத்தி செய்தியில படிச்சிருப்பீங்க. அது ரூம். டென்ட் அதைவிடப் பல மடங்கு சின்னது.

கரி முழுசா எரியாதப்ப கார்பன் மோனாக்சைடு வருது. நிறம் இல்ல, வாசனை இல்ல, கண்ணை எரிக்காது, இருமல் வராது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கிறதைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். அதனால காத்துல கொஞ்சமா இருந்தாலும் ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே போகும். குழந்தைங்க நம்மளைவிட வேகமா மூச்சு விடறதால அவங்களுக்குத்தான் முதல்ல ஏறும். இதுல கொடுமை என்னன்னா அறிகுறிகள்: தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம். குழந்தை வாந்தி எடுத்தா நாம என்ன நினைப்போம்? "மலை வளைவுல வந்தது ஒத்துக்கல." தூங்கிட்டா? "பாவம், விளையாடின களைப்பு." இப்படித்தான் கண்ணுக்கு முன்னாடியே தப்பிப் போகுது.

அணைஞ்ச மாதிரி தெரியுற கரியும் மணிக்கணக்கா இந்த வாயுவை விட்டுக்கிட்டே இருக்கும். "எரிஞ்சு முடிச்சாச்சு, கனல் மட்டும் உள்ள இருக்கட்டும், கதகதப்பா இருக்கும்"னு ஒரு பெரியப்பா எல்லாக் குடும்பத்துலயும் சொல்வாரு. மரியாதையா, ஆனா உறுதியா வேண்டாம்னு சொல்லிடுங்க. யாருக்காவது சந்தேகமா இருந்தா யோசிக்காம எல்லாரும் வெளிய வரணும், குழந்தையைத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க, 108-க்கு ஃபோன் பண்ணுங்க. பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்குது, ஒண்ணு வெச்சுக்கறது நல்லது. அலாரம் இருக்குதேன்னு அடுப்பை உள்ள கொண்டு வர்றதுக்கு அது லைசன்ஸ் கிடையாது.

கொசுவத்திச் சுருளும் இதே லிஸ்ட். டென்ட் துணி பாலியஸ்டர், 250 டிகிரி செல்சியஸ் பக்கத்துல உருகிடும். எரியுற கனல் அதைவிட ரொம்பச் சூடு. உருகுற பாலியஸ்டர் தோல்ல பட்டா ஒட்டிக்கும். கொசுவுக்கு வலை இருக்கு, முழுக்கை சட்டை இருக்கு. வெளிச்சத்துக்கு சார்ஜ் பண்ற எல்இடி விளக்கு, மெழுகுவத்தி கிடையவே கிடையாது.

சரி, கொஞ்சம் மூச்சு விட்டுக்குவோம்.

டென்ட் வடிவம் பத்தி சுருக்கமா. ரெண்டு கம்பி குறுக்க போற டோம் வகை தானா நிக்கும், முளை அடிக்க முடியாத பாறையிலயும் சிமென்ட் மேடையிலயும் நிக்கும். நம்ம கேம்ப்சைட்கள்ல நிறைய இடத்துல மேடை கட்டித்தான் வெச்சிருக்காங்க, போறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. குகை மாதிரி நீளமா போற டனல் வகைக்கு உள்ள இடம் அதிகம், ஆனா முளை அடிச்சுக் கயிறு இழுத்துக் கட்டினாத்தான் நிக்கும். 2005-ல டெகத்லானோட குவெச்சுவா '2 செகண்ட்ஸ்' வந்ததுல இருந்து தூக்கிப் போட்டா தானா விரியுற வகை பிரபலம். விரியறதைப் பாத்துப் பசங்க கை தட்டுவாங்க, மடிக்கிறதைப் பாத்து அதைவிட அதிகமா சிரிப்பாங்க. வாங்கினா வீட்டுல நாலு தடவை மடிச்சுப் பழகுங்க. காத்தடிச்சு நிக்கிற வகையும் இப்ப வருது. கைக்குழந்தையை ஒருத்தர் வெச்சிருக்க, இன்னொருத்தர் தனியா டென்ட் போடணும்னா அது நல்ல வசதி, விலைதான் உறுத்தும்.

கயிறு கட்டினா அதுல பளிச்சுனு ஒரு துணி கட்டி விடுங்க. இருட்டுல பசங்க கயிறு தடுக்கி விழறதுதான் கேம்ப்ல நடக்கிற சகஜமான காயம்.

ஜிப் பத்தி யாரும் பேசறதில்ல, பேசணும். மூணு நாலு வயசுப் பிள்ளைக்கு ஜிப் திறக்கத் தெரியும், திரும்பி வர வழி தெரியாது. ராத்திரி பாத்ரூம் போகணும்னு அதுபாட்டுக்கு எழுந்து வெளிய போயிட்டா? ரெண்டு தலை இருக்கிற ஜிப் பாத்து வாங்குங்க. தூங்கப் போகும்போது ரெண்டு தலையையும் உச்சியில கொண்டுபோய் நிறுத்துங்க, சின்னக் கைக்கு எட்டாது. அக்கா அதுல ஒரு பழைய கொலுசு கட்டி விடுவா. யார் ஜிப்பைத் தொட்டாலும் சத்தம் கேக்கும். எந்த ஸ்பெக் ஷீட்லயும் இல்லாத ஃபீச்சர். ஆனா பூட்டு மட்டும் போடாதீங்க. அவசரத்துல ஒரு இழுப்புல எல்லாரும் வெளிய வர முடியணும்.

பகல் வெயில். மலையில காத்து குளிரா இருந்தாலும் வெயில் நேரா டென்ட் மேல அடிச்சா, மூடின டென்ட் வெயில்ல நிறுத்தின கார் மாதிரிதான். குழந்தை மத்தியானம் டென்டுக்குள்ள தூங்குது, நாம வெளிய சமைக்கிறோம்ங்கற காட்சி ரொம்ப சகஜம். கதவை ரெண்டு பக்கமும் திறந்து வெச்சு, வலையை மட்டும் மூடி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்க. வெளிச்சத்தை அடைக்கிற கறுப்புப் பூச்சு டென்ட்கள் வருது. காலைல அஞ்சரைக்கே எழுந்து உங்களை எழுப்புற பசங்களுக்கு அது வரப்பிரசாதம், சூடும் கொஞ்சம் குறையும். ஆனா அது ஏசி கிடையாது. டென்டுக்கு மேல ஒரு அடி இடைவெளி விட்டு ஒரு தார்ப்பாய் கட்டினா அதைவிட நல்ல பலன், செலவும் கம்மி.

எந்த ஊர்ங்கறதும் டென்ட் தேர்வுல ஒரு பாதி. ஏலகிரி 1,100 மீட்டர் பக்கம், கொடைக்கானல் 2,100 மீட்டர் பக்கம். ஒரு கிலோமீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி இறங்கும். கோயம்புத்தூர் அண்ணா, ஒன்றரை வயசுப் பையனோட முதல் தடவைன்னா ஜனவரி கொடைக்கானலுக்குப் பதிலா ஏலகிரி, ஏற்காடு மாதிரி உயரம் கம்மியான இடத்துல ஒரு ராத்திரி ட்ரை பண்ணுங்க. கொடைக்கானல்தான்னா ரெண்டு அடுக்கு, திண்ணை, தடிமன் தரை, இந்த மூணும் இருக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்துப் பாக்க முடிஞ்சா இன்னும் நல்லது. ஒரே ராத்திரியில உங்க பசங்க டென்ட்ல தூங்குவாங்களா மாட்டாங்களான்னு தெரிஞ்சிடும்.

காட்டு ஓரம் பத்தி ஒரு வார்த்தை. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட்ல டென்ட்ல தங்கியிருந்த ஒரு இளம்பெண் யானை தாக்கி இறந்துபோனாங்க. எவ்வளவு நல்ல டென்டா இருந்தாலும் அது துணிதான். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம தங்கறது சட்டப்படி குற்றம், யானைத் தடம் இருக்கிற இடத்துல டென்ட் போடச் சொன்னா கேம்ப்சைட்காரர் எவ்வளவு நல்லவரா பேசினாலும் திரும்பி வந்துடுங்க. வேலி இருக்கா, ராத்திரி ஆள் இருக்காங்களா, அனுமதி இருக்கான்னு கேளுங்க. கொடைக்கானல்ல காட்டெருமை ஊருக்குள்ளேயே நடக்கும். பால் பவுடர், பிஸ்கட், வாழைப்பழம் எதையும் டென்ட்ல வைக்காதீங்க. எல்லாம் காருக்குள்ள. குரங்குக்கு ஜிப் திறக்கற பொறுமை கிடையாது, கிழிச்சுடும்.

இடி மின்னல் வந்தா டென்ட் பாதுகாப்பு கிடையாது. பசங்களைத் தூக்கிட்டு காருக்குள்ள போய் கண்ணாடியை ஏத்திட்டு உக்காருங்க. அதனாலயே டென்டைக் கார்ல இருந்து ரொம்ப தூரத்துல போடாதீங்க.

வாங்கியாச்சா? முதல் ராத்திரி மொட்டை மாடியில. சாயங்காலம் வெயில் இறங்கினதும் போடுங்க, பக்கெட்ல தண்ணி எடுத்து நாலு பக்கமும் ஊத்துங்க, உள்ள ஒருத்தர் டார்ச்சோட உக்காந்து தையலைப் பாருங்க. ஒழுகினா கடையில மாத்த டைம் இருக்கும். பசங்களும் அன்னைக்கு உள்ளேயே தூங்கட்டும். புது இடத்துல புது டென்ட்ல புது இருட்டுன்னு மூணு புதுசு ஒரே நாள்ல வந்தா எந்தக் குழந்தையும் அழும்.

திரும்பி வந்ததும் டென்டை ஈரத்தோட பையில போட்டு டிக்கியில மறந்துடாதீங்க. சென்னைப் புழுக்கத்துல சீக்கிரமே பூஞ்சை வந்துடும். துணியில தண்ணி புகாம இருக்கப் பூசியிருக்கிற பாலியூரிதேன் ஈரத்துல பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு வரும். ஒரு வாடை அடிக்கும் பாருங்க, அதுக்கப்புறம் அந்த டென்ட் அவ்வளவுதான். நிழல்ல காய வைங்க. நாள் முழுக்க வெயில்ல போட்டா புற ஊதாக் கதிர்ல துணி நைஞ்சுடும்.

ஸ்லீப்பிங் பேக் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அது தனி எபிசோட் அளவு இருக்கு. இப்போதைக்கு ஒண்ணு மட்டும்: பெரியவங்க ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள சின்னக் குழந்தையைப் போடாதீங்க, உள்ள நழுவிப் போய் முகம் மூடிடும். உள்ள காட்டன், நடுவுல கம்பளி, வெளிய ஒரு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போதும். மொட்டை மாடியில டென்ட் போட்டவங்க ஃபோட்டோ அனுப்புங்க, அடுத்த வாரம் பேசுவோம்.